'போல' கூடாது

விதி ஒன்றுதான்.
'போல' கூடாது.
'மாதிரி'யும் கூடாது.
"மேரி?" என்றான் கடைசி பெஞ்சு கிஷோர்.
அதுவும் கூடாது என்றார் டிராயிங் மிஸ்.
வகுப்பு சிரிக்க,
ஸ்டெல்லா மேரி நோட்டிலிருந்து தலை தூக்கி
"நான் இன்னா பண்ணேன்?" என்றாள்.

படத்தைப் பார்க்க என்னை மட்டும் அனுப்பினார்கள்.
ஹெச்.எம். அறை, பீரோவுக்கும் குடிதண்ணீர் கேனுக்கும் நடுவில்,
ஏதோ வங்கிக் காலண்டரில் கிழித்த தாள்.
வரைந்தவர் பெயரை ஸ்டேப்ளர் தின்றிருந்தது.
பத்து நிமிஷம். ஒரு பக்கம்.
அவ்வளவுதான் கொடுப்பார்களாம்.

சிவப்பு, என்று எழுதினேன்.
எந்தச் சிவப்பு?
ஜன்னலுக்கு வெளியே ஹார்பருக்குப் போகிற லாரிகள்
காலையிலிருந்து நகராமல் நின்றன.
மூன்றாவது கண்டெய்னர். அதே சிவப்பு.
எழுதக் கூடாது.
"வெயிலில் வெகுநாள் நின்ற சிவப்பு.
ஓரங்களில் பழுப்பு."
எழுதி முடித்துப் பார்த்தால்
படத்தைச் சொன்னேனா பெட்டியைச் சொன்னேனா
எனக்கே குழப்பம்.

கீழே சாம்பல்.
ராத்திரி மொட்டைமாடியில் விட்ட துணியை
விடிந்ததும் விரலால் தொட்டால் வருமே,
எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டாத அது.
எழுதக் கூடாது.
"சாம்பல். தட்டினால் போகாது."

நடுவே ஒரு கறுப்புக் கோடு
நேராகக் கிளம்புகிறது,
பாதியில் மனசு மாறுகிறது.
கோட்டுக்கு மனசு உண்டா?
விதியில் அதைப் பற்றி ஒன்றுமில்லை.
எழுதினேன்.

கடைசி வரி:
இடது மேல்மூலையில் ஒன்றும் இல்லை.

என் கையெழுத்து முப்பத்தொரு ஜெராக்ஸ் ஆனது.
என் 'ழு' இரண்டு பேருக்கு 'ரு'வாகத் தெரிய
சிவப்பின் ஓரங்களில் பருப்பு வந்தது,
துவரம் பருப்பு, நல்ல மஞ்சள்.
"தட்டினால் போகாது" என்ற இடத்தில்
நௌஷீன் பென்சில் தூளைத் தேய்த்துத் தேய்த்து
தாளைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.
மனசு மாறிய கோடு
ஒருவனிடம் வீட்டுக்குத் திரும்பியது,
ஒருவனிடம் இரண்டாய்ப் பிரிந்தது,
யுவராணி தாளில் பாதியில் நின்றது.
"யோசிக்குது" என்றாள்.

மூலைக்குத்தான் சண்டை.
"ஒன்னுமில்லன்னா சும்மா வுட்றதா,
இல்ல ஒன்னுமில்லாதத வரையணுமா?"
பிரிஸ்கில்லா வெள்ளைக் கிரேயானால்
வெள்ளையின் மேல் அழுத்தி நிரப்பினாள்.
ஜோயல் கத்தரியை வாங்கி
மூலையையே வெட்டி எடுத்தான்.

எல்லாவற்றையும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு
நடுவில் அந்தக் காலண்டர் தாளை மாட்டினார் மிஸ்.
ஃபேன் சத்தம் மட்டும்.
பிறகு கிஷோர் சொன்னான்:
"மிஸ், இவரு தப்பா போட்டுகீறாரு.
சாம்பல் பாருங்க, தட்டுனா பூடும்போல கீது."
"'போல' சொல்ட்டான்!" என்று
முப்பது பேரும் எழுந்து கத்தினார்கள்.

அந்தக் கூச்சலில்தான் பார்த்தேன்.
வலது ஓரத்தில், மேலிருந்து கீழ் வரை,
ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. முடியளவு.
பத்து நிமிஷம் முறைத்தும் என் கண்ணில் படாதது.
எழுதாததை யார் வரைவார்கள்?

ஒரு தாளில் மட்டும் இருந்தது.
சரியாக அதே இடத்தில், அதே மங்கலில்.
எபினேசர்.
சார்ட் மறந்துவிட்டேன் என்று வாரா வாரம் சொல்பவன்.
கணக்கு நோட்டில் ஒரு தாள் கிழித்து
எழுதாத பின்பக்கத்தில் வரைந்திருந்தான்.
முன்பக்கத்து மார்ஜின்
இந்தப் பக்கம் ஊறித் தெரிந்தது.
"நான் எங்க போட்டேன்," என்றான்,
"அது மொதல்லயே இருந்துச்சு."

மிஸ் அதற்கு மார்க் போடவில்லை.
ரொம்ப நேரம் பேனாவின் மூடியைத்
திறந்து திறந்து மூடினார்.

மணி அடித்து வெளியே வந்தால்
லாரி வரிசை நகர்ந்திருந்தது.
மூன்றாவது இடத்தில் இப்போது ஒரு நீலப் பெட்டி.
நான் எழுதிய சிவப்பு சரிதானா என்று
ஓடிப்போய்ப் பார்க்க
ஹார்பர் கேட்டுக்குள் எங்களை விடமாட்டார்கள்.